ஒன்று பத்துக்குக் கழற்றிய கொக்கி

நான் செய்த கொக்கி தானாகத் திறந்துகொண்டது என்று இந்தப் பதினான்கு வருடத்தில் ஒருவரும் எங்கள் நகைப் பட்டறைக்கு மாடியேறி வந்து சொன்னதில்லை. பிடித்து இழுத்தால் சங்கிலிதான் அறும், கொக்கி விடாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் வந்து கதிரேசன் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். கொக்கிக் கதிரேசன் என்று கேட்டால் கீழே இருக்கிற பூக்கடைக்காரர்கூட மாடியைப் பார்த்துக் கையைக் காட்டுவார்.

சங்கிலிகள் எல்லாம் இப்போது மெஷினில் முறுக்கப்பட்டு வருகின்றன. அதோடு வருகிற கொக்கியும் மெஷின் கொக்கிதான், ஆறு மாதத்தில் வாயைப் பிளந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் பொன்கம்பியைத் துளைத் தகட்டில் விட்டு இழுத்து மெல்லிதாக்கி, சூடு காட்டி, குறட்டால் எஸ் போல வளைப்பேன். ஒரு பக்க வாயைச் சங்கிலியோடு சேர்த்துப் பற்றவைத்து மூடிவிடுவேன். மறு பக்க வாயில்தான் கொக்கியின் உயிர் இருக்கிறது. சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி அதற்கு விறைப்பேற்ற வேண்டும். கட்டைவிரல் நகம் பட்டால் திறக்க வேண்டும், வேறு எதற்கும் திறக்கக் கூடாது. வளையம் உள்ளே விழும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பெற்ற பிள்ளையின் இருமல் தெரிவதுபோல என் கொக்கியின் சத்தம் எனக்குத் தெரியும். குளித்தலையில் இருக்கிற என் மனைவியின் தாலிச் சங்கிலியில் கிடப்பதும் நான் செய்த கொக்கிதான். கல்யாணத்துக்கு நானே செய்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் திறந்ததில்லை.

அப்படிப்பட்ட என் கொக்கிகளில் ஒன்றே ஒன்று மட்டும் பதினொரு மாதமாகத் தினமும் திறந்துகொண்டது. அது வசந்தகுமாரியின் தாலிச் சங்கிலியில் நான் போட்ட கொக்கி.

அன்று அவள் ஒரு மணி சுமாருக்கு வந்தாள். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக எங்கள் தேக்காவுக்கு வந்திருந்தாள்.

“குளிக்கிறப்ப ரெண்டு தடவை கழண்டு விழுந்துடுச்சுண்ணே. பயமா இருக்கு” என்றாள்.

பார்த்தேன். மெஷின் கொக்கி, வாய் பிளந்திருந்தது.

தாலிச் சங்கிலி ரிப்பேருக்கு வந்தால் எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் மஞ்சள் துண்டு கட்டிய மஞ்சள் கயிறு கழுத்தில் ஏறும். பிறகுதான் சங்கிலி இறங்கும். கட்டியவர் உயிரோடு இருக்கும்போது ஒரு நிமிடம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. சில பெண்கள் வீட்டிலிருந்தே கயிறு கொண்டுவருவார்கள். மறந்து வருகிறவர்களுக்காக டிராயரில் ஒரு கட்டு வைத்திருப்போம். அதை வாங்கி வைப்பது என் பொறுப்பு. அன்று கட்டு தீர்ந்திருந்தது.

பூக்கடை கீழேதான். பதினெட்டுப் படி. இறங்கி ஏறினால் இரண்டு நிமிடம். காலையிலிருந்தே நான் கடுப்பில் இருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர் போனில் விரட்டிக்கொண்டிருந்தார், பசி வேறு. இறங்கச் சோம்பலாக இருந்தது. இதுதான் உண்மை, இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

“அஞ்சு நிமிஷ வேலைம்மா. கழட்டிக் குடுங்க. அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் எங்க ஓடிடப் போறாரு?” என்றேன்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு சிரித்துவிட்டாள். “சரிண்ணே. ஓடினா நீங்கதான் பிடிச்சுக் குடுக்கணும்.”

கழற்றிக் கொடுத்துவிட்டு, யூனிஃபார்ம் காலரின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டாள். கழுத்து தெரியக் கூடாதாம். நான் சீட்டு எழுதினேன். பெயர், போன் நம்பர், பொருள், நேரம். தங்கம் கைமாறினால் நேரம் எழுதியே ஆக வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். 1.10 என்று எழுதினேன்.

பழைய கொக்கியையே நெளித்து இறுக்கிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். ஆனால் என் கையிலிருந்து மெஷின் கொக்கி வெளியே போவதா? ‘இருங்கம்மா, நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்’ என்று கம்பியை எடுத்து இழுக்க ஆரம்பித்துவிட்டேன். இழுத்தேன், சுட்டேன், வளைத்தேன், தட்டினேன், வாய் பிடிக்காமல் மறுபடி தட்டினேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவே இல்லை. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று எங்கள் ஆட்களைச் சொல்வார்கள். நான் யாரிடமும் ஒரு பொடி எடுத்ததில்லை. அன்று எடுத்தது அவளுடைய முப்பத்தைந்து நிமிடம்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு அவள் போன் அடித்தது. எழுந்தாள்.

“அவரு வேலையிடத்துல மயங்கி விழுந்துட்டாராம்” என்றாள், சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல. பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

சங்கிலி நெருப்பில் இருந்தது. பற்றவைப்பதற்காக அப்போதுதான் ஊதுகுழலைக் காட்டியிருந்தேன், சிவந்து கிடந்தது. எடுத்துக் கொடுக்க முடியாது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பட்டன் போட்ட காலரோடு படியில் இறங்கி ஓடினாள். மறுநாள் பேப்பரில் மரண அறிவிப்பு வந்தது. முத்துராமன், வயது நாற்பத்தொன்று.

அன்று போன் செய்து பார்த்தேன், எடுக்கவில்லை. பதினாறு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டேன். பதினாறு நாள் ஒரு மாதமானது. பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அன்றே கொக்கி வேலையை முடித்து, பூட்டி, பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, என் டிராயரில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் கொக்கி திறந்து, வளையம் வெளியே கிடந்தது. பூட்டினேன். அடுத்த நாளும் திறந்து கிடந்தது.

“எலியா இருக்கும்ணே” என்றான் ஜாஃபர். பட்டறையில் பாலிஷ் போடுகிறவன், எனக்கு எதிர் மேஜை.

“எலி டப்பியைத் திறந்து, கொக்கியைத் திறந்து, திரும்ப டப்பியை மூடி வெச்சிட்டுப் போகுமா?”

“சிங்கப்பூர் எலி லா. ஒழுங்கா இருக்கும்.”

டிராயருக்குப் பூட்டுப் போட்டேன். அப்படியும் திறந்தது. ஒரு நாள் மதியம் ஜாஃபர் திடீரென்று பாலிஷ் மோட்டாரை நிறுத்தினான்.

“என்ன சத்தம்ணே அது?”

டிராயருக்குள் ‘டிக்’ என்று கேட்டது. சிறிது இடைவெளி விட்டு மறுபடி ஒரு ‘டிக்’. மணியைப் பார்த்தேன், ஒன்று இருபத்தைந்து. அதற்குப் பிறகு ஜாஃபர் எலியைப் பற்றிப் பேசவில்லை. மதியம் ஒரு மணியானால் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவான். நான் போக மாட்டேன். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு என்னைவிட்டு வெளியேறி டிராயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த மனிதர் எத்தனை மணிக்கு இறந்தார்? நான் கழற்றச் சொன்னதற்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் நான் தப்பித்தேன். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள்.

“அண்ணே, வசந்தகுமாரி பேசறேன். சங்கிலி… இருக்கா?”

“இருக்கும்மா. பத்திரமா இருக்கு.”

“அத்தைக்கு ஒண்ணு தெரியணுமாம்ணே. அவர் போனது ஒண்ணு இருபதுக்கு. ஆஸ்பத்திரி பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு. நான் உங்ககிட்ட கழட்டிக் குடுத்தது எப்ப?”

ஒன்று இருபது.

“எனக்கு ஞாபகமே இல்லண்ணே. வந்தவுடனே குடுத்தேனா, உக்கார வெச்சு அப்புறமா வாங்கினீங்களா… எவ்வளவு யோசிச்சாலும் போன் அடிச்சது மட்டும்தான் வருது. நீங்க சீட்டுல டைம் எழுதினீங்க, அது தெரியும். அவர் உயிரோட இருக்கிறப்பவே நான் வெறுங்கழுத்தா உக்காந்திருந்தேன்னா, நான்தான் அவரைக் கொன்னேன்னு அத்தை சொல்றாங்க. பதினொரு மாசமா நான் போடற கோப்பியைக்கூடத் தொடறதில்ல. நான் டிப்ளமா படிச்சவண்ணே. இதெல்லாம் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நானும் தூங்கறதில்ல.”

“ஒண்ணு நாப்பதும்மா.”

என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் தாங்க வேண்டும் அல்லவா? “நல்லா ஞாபகம் இருக்கு. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்க. உங்களை உக்கார வெச்சேன். ஒண்ணு நாப்பதுக்குத்தான் வாங்கினேன். அஞ்சு நிமிஷத்துல போன் வந்துடுச்சு.”

“சீட்டு இருக்காண்ணே? அத்தை பேப்பரைப் பாத்தாத்தான் நம்புவாங்க” என்றாள்.

“இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்.”

சீட்டை எடுத்தேன். 1.10. என் கையெழுத்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல் நின்றது. ஒன்றை நான்காக்க இரண்டே கோடுதான் வேண்டும். தலைமுடிக் கனத்துக்குப் பொன் இழுக்கிற கை இது, ஆனால் அந்த இரண்டு கோட்டைப் போட மூன்று முறை பேனாவை வைத்து வைத்து எடுத்தேன். ஜாஃபர் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கோட்டைப் போட்டபோது டிராயருக்குள் ‘டிக்’ என்றது.

ஞாயிற்றுக்கிழமை ரெட்ஹில் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, புக்கிட் மேராவில் அவள் சொன்ன அடுக்குமாடி புளோக்குக்குப் போனேன். கிளம்பும்போதே கொக்கியைப் பூட்டி, டப்பியை மூடி, மேலே ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தேன். டப்பியைச் சட்டைப் பையில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டே ரயிலில் நின்றேன்.

ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். அந்த வெயிலிலும் கழுத்து வரை மூடிய சட்டை. உள்ளே முத்துராமனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. படத்துக்கு எதிரே, முழங்காலில் பட்டை சுற்றி, அவருடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இவர்தான் கதிரேசண்ணே, அத்தை” என்றாள் வசந்தகுமாரி.

மாமியார் தலையசைத்தார். நான் ரப்பர் பேண்டைக் கழற்றி, டப்பியைத் திறந்து, மேஜைமேல் வைத்தேன். உள்ளே தாலி கிடந்தது. கொக்கி திறந்திருந்தது.

“பூட்டாமலா கொண்டாந்தே?” என்றார் அந்த அம்மா.

“பூட்டித்தாம்மா கொண்டாந்தேன்.”

அவர் சீட்டுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் படும்படி திருப்பிப் பிடித்துப் படித்தார். நாலு வரிச் சீட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. வசந்தகுமாரி படத்தின் அருகே சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவள் கை கழுத்துக்குப் போய்ப் போய் வந்தது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“வசந்தா. போய் கோப்பி போடு.”

“அண்ணனுக்கு…”

“எனக்கும் சேத்துப் போடு.”

வசந்தகுமாரி அசையவில்லை. பிறகு சமையலறைக்குள் ஓடினாள். ஏதோ டின் மூடி தரையில் விழுந்து உருண்டது. குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் அவள் அழுவது கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பொய்யானாலும் சரி, நல்ல காரியம் செய்தோம் என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தேன்.

“மத்த எழுத்தெல்லாம் வெளுத்துப் போச்சு தம்பி” என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. “நாலோட மூக்கு மட்டும் புதுசா இருக்கு.”

நான் தரையைப் பார்த்தேன்.

“ஒண்ணு பத்தா?”

“ஆமாம்மா.”

“மாத்துக் கயிறு ஏன் குடுக்கல? உங்க மாதிரி இடத்துல வெச்சிருப்பாங்களே.”

“தீந்து போயிருந்துச்சும்மா. வாங்கி வைக்க வேண்டியது நான்தான்.”

“கடை தூரமோ?”

“கீழதாம்மா.”

அவர் மகனின் படத்தைப் பார்த்தார். சமையலறையில் இன்னும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“பத்தாம் நாள் காரியத்துல கழட்டறதுக்கு அவ கழுத்துல ஒண்ணும் இல்ல தம்பி. வந்த பொம்பளைங்க எல்லாம் அவ கழுத்தையே பாத்தாங்க. அன்னைக்குப் பிடிச்சேன் அவளை. தப்புன்னு தெரியுது, விடத்தான் தெரியல. எனக்கும் யாரையாவது பிடிச்சுக்கிட்டுதான் நிக்க முடியுது.” சீட்டை இரண்டாக மடித்து, படத்தின் சட்டத்துக்குப் பின்னால் செருகினார். “இது இங்கயே இருக்கட்டும். அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அவளை விட்டுட்டேன்.”

“நல்லதும்மா” என்றேன்.

டப்பியிலிருந்து சங்கிலியை எடுத்தார். வளையத்தைக் கொக்கிக்குள் தள்ளினார். ‘டிக்’. மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சும்மா. ஊர்ல இருக்கா.”

“ம்” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, சபிக்கவில்லை, குரலில் கோபம்கூட இல்லை.

கோப்பி வந்தது. வசந்தகுமாரியின் முகம் கழுவியிருந்தது, சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. மாமியார் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மருமகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அம்மாவின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஒன்று இருபதைத் தாண்டியது, ஒன்றரையைத் தாண்டியது, ஒன்று நாற்பத்தைந்தும் ஆனது. கொக்கி திறக்கவில்லை. பதினொரு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு கொக்கி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

“ரொம்ப நன்றிண்ணே. உங்களாலதான்” என்று வசந்தகுமாரி லிஃப்ட் வரை வந்து சொன்னாள்.

என்னால்தான். லிஃப்ட் கதவு மூடியது. அந்த அம்மாவின் பிடி விட்டுப் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று தோன்றியது. முட்டாள்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கீழ்த்தளத்தில் ஒரு கல் மேஜையில் உட்கார்ந்து, குளித்தலைக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது பகல் பதினொன்றரை மணிகூட ஆகியிருக்காது. என் மனைவி சமையலில் இருந்தாள், தாளிக்கிற சத்தம் கேட்டது.

“என்னங்க இந்த நேரத்துல? உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கேன். கழுத்துல சங்கிலி இருக்கா?”

“இது என்ன கேள்வி? இருக்கு.”

“கொக்கி மூடியிருக்கான்னு பாரு.”

“நீங்க செஞ்ச கொக்கிங்க. அது எப்படித் திறக்கும்?” என்று சிரித்தாள்.

“பாருன்னா பாரு.”

கோபமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். போனை எங்கோ வைத்தாள். அடுப்பை அணைத்தாள். பின்னங்கழுத்துக்கு இரண்டு கையும் போக வேண்டும் அல்லவா? வளையல் ஓசை கேட்டது. பிறகு வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு கேட்டது. ‘டிக்.’ ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது தெரியும்.

“இப்ப மூடிட்டேங்க” என்றாள்.

எப்போதிலிருந்து திறந்திருந்தது என்று நான் கேட்கவில்லை.